பதினெட்டாம் பக்கம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் நான் எடை போட்ட புத்தகங்களில் பாதியைக் கண்ணால் கண்ட பேராசிரியர் ஒருவர் இருந்தால் காட்டுங்கள். தள்ளுவண்டியில் தொடங்கி இன்று மூன்று பழைய பேப்பர் கிடங்கு வைத்திருக்கிறேன். பெரிய கிடங்கில் அட்டை கிழிக்கிறவர்தான் எங்கள் கவிராயர்.

பழைய புத்தகத்தைக் காகித ஆலை அரவைக்கு அனுப்புமுன் அட்டையைக் கிழித்து, முதுகுக் கம்பியை உருவ வேண்டும். அதில் அவர் கை மின்னல். வாய்தான் தொல்லை, ஓயாமல் தன் கவிதையையே சொல்லும். இளவயதில் மனைவியின் வளையலை விற்று ஒரு கவிதைப் புத்தகம் போட்டவர். முந்நூறு பிரதி. ஒன்றும் விலை போகாமல், "அன்புடன்" என்று கையெழுத்திட்டு ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார். கொடுத்தது எங்கே போகும்? ஒவ்வொன்றாக என் தராசுக்கு வந்தது. வந்ததையெல்லாம் அவர் தலைக்கு மேலே கயிறு கட்டி, துணி உலர்த்துவதுபோல் மாட்டினேன். இது டாக்டருக்கு, இது சம்பந்திக்கு என்று நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்; தாள் பிரிக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒருநாள் என் பெருவிரலுக்கு ஒன்று அகப்பட்டது. பைண்டிங்காரன் ஒரு தாளின் மேல்மடிப்பை வெட்டாமலே விட்டிருந்தான். பதினெட்டாம் பக்கமும் பத்தொன்பதும் உள்ளே அடைபட்டுக் கிடந்தன. கத்தியால் கீறினால்தான் படிக்கலாம். கவிராயருக்கு எல்லாம் மனப்பாடம், அவர் எங்கே திறந்து பார்த்தார்?

கயிற்றில் அதுவரை சேர்ந்திருந்த நாற்பத்தொரு பிரதியையும் இறக்கி விரல் விட்டுப் பார்த்தார். ஒன்றையும் ஒருவரும் கீறவில்லை.

"எங்க அக்கா கீறியிருப்பா முதலாளி," என்றார். "அந்தப் பக்கத்துலதான் எங்கம்மா சாவு இருக்கு. படிச்சிட்டு ரெண்டு நாளு சோறு இறங்கலன்னு சொன்னாளே."

அதிலிருந்து யார் என்ன கேலி செய்தாலும் அதே பதில்தான். ஒருத்தி படிச்சிருக்கா, போதும் என்பார்.

போன மாதம் கவிராயரின் அக்கா வீடு மாறினாள். விஷயம் காதில் விழுந்ததும் நானே வண்டி அனுப்பி, பழைய தாளையெல்லாம் நல்ல விலைக்கு அள்ளி வந்தேன். மூன்றாவது தாள்கட்டுக்குள் அவர் புத்தகம் இருந்தது. "என் அக்காவுக்கு" என்று எழுதியிருந்தது. நான் திறக்கவில்லை. அவர் மடியில் போட்டேன்.

"நீயே பாத்துக்கய்யா."

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேல்விளிம்பைத் தடவினார். பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். மடிப்பு முழுசாக இருந்தது.

அவர் அட்டையைக் கிழித்தார். கம்பியை உருவினார். தாளைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

நான் விடுவேனா? அந்தத் தாளைப் பொறுக்கி, கத்தியால் கீறி, எல்லோர் முன்னாலும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு பக்கத்துக்குக் கால்மணி நேரம் பிடித்தது. அவர் தலை நிமிரவே இல்லை.

ஆக, அந்தப் பக்கத்தை உலகத்திலேயே படித்த ஒரே ஆள் நான்தான். சுமார் ரகம்.