கயிற்றை விட்டது யார்

என் மனைவியின் கால் முறிந்ததற்குக் காரணம் நான். பழியை அவளுடைய தம்பியின் மேல் போட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பொய்யை அப்படியே இருக்க விட்டேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அமுக்கிய ஸ்பிரிங்குக்குள் என்ன அடைபட்டிருக்கும் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

மைத்துனருக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. மோட்டார் சைக்கிளில் தேங்காய் மூட்டை ஏற்றி ஏற்றி, பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஒன்று எண்ணெய் கசிந்து உட்கார்ந்துவிட்டது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டு பஸ்ல போறேன் அத்தான்" என்றார்.

"இதுக்கு எதுக்கு மாப்ள ஒர்க்‌ஷாப்? நாமளே பாத்துக்கலாம்" என்றேன். கைபேசியில் பார்த்த வீடியோ கொடுத்த தைரியம் அது.

கொல்லையில் வைத்து ஷாக்கைத் தனியே கழற்றினோம். அதன் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்தால்தான் தலையிலுள்ள இரண்டு அரைவட்டப் பூட்டுகளை எடுக்க முடியும். ஒர்க்‌ஷாப்பில் அதற்கென்று இரும்புக் கருவி உண்டு. எங்களிடம் நைலான் கயிறு இருந்தது. மைத்துனர் பலகையை வைத்து முழு உடம்பாலும் அழுத்த, நான் மேல் சுற்றையும் கீழ்ச் சுற்றையும் சேர்த்து வரிந்து கட்டினேன். முடிச்சும் நான்தான் போட்டேன்.

நான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. படிக்கிற காலம் முழுக்க மாடு கட்டியவன். மாட்டை முளையில் கட்டும்போது உருவு முடிச்சு போடுவோம். மாடு இழுக்க இழுக்க அது இறுகும். தொங்கும் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். மாடு காலைச் சிக்கவைத்துக்கொண்டால் உடனே விடுவிக்க வேண்டும், அதற்காக. என் கையில் கயிறு கிடைத்தால் யோசிக்காமல் அந்த முடிச்சுதான் வரும். அன்றைக்கும் அதுவே வந்தது.

"நுனியப் பிடிச்சுக்க மாப்ள, நான் பூட்ட எடுக்கறேன்" என்றேன். அவர் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார். பூட்டுகள் சுலபமாக வந்துவிட்டன. கயிறு லேசாக நெகிழ்வது போல இருந்தது.

"இன்னும் நல்லா இழுத்துப் பிடி" என்றேன்.

இழுத்தார். ஸ்பிரிங் பறந்துபோய், காப்பி டம்ளர்களோடு வந்துகொண்டிருந்த என் மனைவியின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. கயிறு மைத்துனரின் கையிலிருந்தும் உருவிக்கொண்டு போயிருந்தது. முடிச்சே இல்லாமல் அது கிடந்த கிடையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க ஆச்சு?" என்று அவள் அலறினாள்.

"கயித்த விட்டுட்டான்" என்றேன்.

மைத்துனர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

மாவுக்கட்டு பிரித்து அவள் நடக்கத் தொடங்கிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் அவர் சாம்பார் வாளியைத் தூக்கினால், "வாளிய அவன்கிட்ட குடுக்காதீங்கப்பா, விட்டுடுவான்" என்பார்கள். சொந்த அக்காவே, "தோப்ப எழுதி வாங்க எவனாவது வந்தா, அதையாவது விடாம இருடா" என்பாள். அவரும் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இதை எழுதத்தான் அதிகம் கூசுகிறது.

சென்ற தை மாதம் பேரனுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனான என் மகனுக்கு வெளிநாட்டிலிருந்து வர லீவு கிடைக்கவில்லை. பலகாரம் முடிந்து கோயிலுக்குக் கிளம்பும்போது என் மகள் மைத்துனரிடம், "தம்பி இடத்துல நீங்க உக்காருங்க மாமா" என்றாள்.

"வேணாம்மா. குத்தறப்ப புள்ள துள்ளும். வேற யாரையாவது உக்காரச் சொல்லு."

"ஏன் மாமா?"

"கையில பிடிப்பு இல்லம்மா. சுகர்ல நரம்பு போயிருக்கும். அக்காவுக்கு அடிபட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. டாக்டர் ஒண்ணும் இல்லங்கறாரு. ஆனா நான் பிடிச்சிருந்த கயிறுதானே போச்சு? அதான் வண்டிகூட ஓட்டறதில்ல."

அவர் ஏன் எப்போதும் பஸ்ஸிலேயே வருகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேலியோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். அவரோ என் பேச்சை நம்பித் தன் கைகளையே நம்பாமல் இருந்திருக்கிறார்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "மாப்ள, நீ விடல. நான் போட்டது மாட்டு முடிச்சு. நுனிய இழுன்னு சொன்னதும் நான்தான். நீ கெட்டியாப் பிடிச்சு இழுத்ததாலதான் அவுந்துச்சு."

"அப்ப இத்தன நாளா எந்தம்பிய நான் பேசின பேச்செல்லாம்?" என்றாள் மனைவி.

"எனக்குச் சேர வேண்டியது."

"வீட்டுக்கு வந்து மொத்தமாச் சேக்கறேன். இந்த வாயை வச்சுக்கிட்டா பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துனீங்க?"

மைத்துனர் வலது கையை மூடி மூடித் திறந்து பார்த்தார். "மாட்டு முடிச்சா?" என்று கேட்டார். "மாட்டு முடிச்சுதான்" என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்தபடியே தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் மாடு கட்டினவன்தானே அத்தான். கண்ணு முன்னால இருந்தும் பாக்காம இழுத்திருக்கேன் பாருங்க."

கோயிலில் பேரன் அவர் மடியில் உட்கார்ந்தான். ஆசாரி காதைத் தொட்டதும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான். மைத்துனரின் கைகள் அசையவில்லை. இரண்டு காதும் நல்லபடியாக முடிந்தது.

மறுநாளிலிருந்து, அந்தக் கேலியில் கலந்துகொண்ட உறவினர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியப்பா மகன், "நீயெல்லாம்…" என்று பாதியிலேயே வைத்துவிட்டான். மைத்துனர் ஒரு மாதம் வரை என்னிடம் போனில் பேசவில்லை. அக்காவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார். அது நியாயம்தான்.

போன வாரம் பேராவூரணியிலிருந்து வண்டியிலேயே வந்து இறங்கினார். மனைவி அவர் தோளைப் பிடித்துப் பின்னால் ஏறிக்கொண்டாள். இரண்டு பேரும் ஜவுளிக்கடைக்குப் போனார்கள். நான் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். வெகு நாட்களுக்குப் பிறகு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.