இடது இயர்பட்டில் பழுது இல்லை

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மியூசியம் வளாகத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். இடது இயர்பட்டில் சிங்காரி மேளத்தின் இலைத்தாளம் (வெண்கலக் கைத்தாளம்) மட்டும் காணாமல் போனது. செண்டைக் கொட்டு கேட்டது.

2. மூன்றாவது சுற்றில் செண்டையும் தேய்ந்தது. கிழிந்த காகிதத்தை உதறுவதுபோல ஒலித்தது.

3. வியர்வை உள்ளே புகுந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

4. வீட்டுக்கு வந்து, ஒலி வரும் சிறு வலையை மெல்லிய பல்துலக்கியால் துடைத்தேன். பயனில்லை.

5. போனில் ஒலிச் சமநிலையை இடப்பக்கமாகத் தள்ளி வைத்தேன். கொஞ்சம் பயன் இருந்தது.

6. வியாழக்கிழமை உத்தரவாதப் புகார் எழுதி, கிழக்கேகோட்டைக்கு அருகே உள்ள சர்வீஸ் சென்டரில் இயர்பட்டைக் கொடுத்தேன்.

7. அந்தச் செவ்வாயிலிருந்து ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். பழுது இல்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு இரண்டாவது வரியிலேயே சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. கழக்கூட்டம் என்ற பகுதியில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனை செய்வது என் வேலை. எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். என் புகார்க் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. எந்தக் கிழமை, எத்தனையாவது சுற்று, எந்த ஒலி முதலில் போனது என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். ஒரு காது மருத்துவருக்கு அதைவிட நல்ல நோய்க்குறிப்பு கிடைக்காது. அதை நான் ஒரு கடைக்கு அனுப்பினேன்.

இரண்டு பக்கத்தையும் மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். நான் பார்க்கவில்லை. ஓடும்போது விழாமலிருக்கக் காது மடலுக்குள் செருகும் கொக்கி வைத்த வகை அது. இடதுக்குச் செய்தது வலதில் உட்காராது. அதனால் அந்தச் சோதனையே இல்லை என்று மனம் எடுத்துக்கொண்டது.

அலுவலகத்தில் நான் பயன்படுத்துவது ஒற்றைக்காது ஹெட்செட், அதுவும் வலதில். போனும் வலதில். இடது காது அடைத்த மாதிரி இருந்தது, தலைக்குக் குளித்த தண்ணீர் என்றேன். சனிக்கிழமை சட்டென்று திரும்பியபோது தரை சற்றுச் சாய்ந்தது, சரியாகச் சாப்பிடவில்லை என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் கையில் இருந்தது.

சர்வீஸ் சென்டரில் இருந்தவர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மலையாளச் சேச்சி. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது.

"மோளே, செட்டினு ஒரு கொழப்பவும் இல்ல" என்றார். மகளே, செட்டில் ஒரு கோளாறும் இல்லை.

"வச்சுக் காட்டுறேன், பாருங்க" என்று இடதை மாட்டினேன். கிழிந்த காகிதம்தான்.

அவர் அதை வாங்கினார். கொக்கியைக் கழற்றினார், ஸ்பிரிட்டால் துடைத்தார். தலைகீழாகத் திருப்பி என் வலது காதில் விரலால் அழுத்திப் பிடித்தார். இலைத்தாளம் உட்பட முழு மேளமும் இறங்கியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"செவி ஒந்நு காணிச்சு நோக்கு" என்றார். காதைக் காட்டச் சொல்கிறார். பிறகு, எனக்குப் புரியவில்லை என்று நினைத்தோ என்னவோ, தமிழில் சொன்னார்: "நீ நிக்கிற கவுண்டர் மாறிப் போச்சு மோளே. இன்னைக்கே போ."

அன்றே போனேன்.

*

மருத்துவர் என் அம்மா வயதுக்காரர். மலையாளத்தில் பேசினார். தமிழில் எழுதுகிறேன்.

முதலில் இசைக்கவையைத் தட்டி (அதிரும் இரும்புக் கவை) நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஆடியோகிராமை (எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) உடனே எடுக்கச் சொன்னார்.

கண்ணாடி அறைக்குள் சோதனை. ஹெட்போனில் இடப்பக்கம் ஒலி அனுப்பியதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இடது காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சிறு பெட்டியை வைத்து அழுத்தினார்கள். அது அதிரும், எலும்பு வழியாக ஒலி உட்காதுக்குப் போகும் என்றார்கள்.

கேட்டது. ஒவ்வொரு ஒலியும் தெளிவாகக் கேட்டது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். காது உயிரோடிருக்கிறது என்று மனசுக்குள் ஓர் ஆட்டம் போட்டேன்.

அப்போது வலது காதில் மழை பெய்வது போன்ற இரைச்சலை விட்டார்கள். இடப்பக்கம் இருந்த ஒலியெல்லாம் நின்றுவிட்டது.

மண்டை ஓடு முழுதும் ஒரே எலும்புபோல அதிரும். இடப்பக்கம் தொட்டாலும் வலது உட்காது கேட்டுவிடும். அதை ஏமாற்றத்தான் அந்த மழை. இவ்வளவு நேரம் இடது காது என்று நான் கொண்டாடியது வலது காதை.

பெயர்: திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு (உட்காதிலோ செவி நரம்பிலோ சில மணி நேரத்தில் அல்லது இரண்டு மூன்று நாளில் ஏற்படும் இழப்பு).

"இயர்பட்தான் காரணமா, டாக்டர்?"

"நீங்கள் வைத்த ஒலி அளவுக்கு இப்படி ஒரே பக்கம், ஒரே காலையில் போகாது. பெரும்பாலும் காரணம் தெரியாது. ஸ்கேன் எடுத்து நரம்பில் கட்டி இல்லை என்று பார்த்துக்கொள்வோம். ஆனால் சீக்கிரம் வந்திருக்கலாம். ஒன்பது நாள் எங்கே இருந்தீர்கள்?"

"சர்வீஸ் சென்டரில்."

அவர் சிரிக்கவில்லை. இந்த நோய்க்கு முதல் நாட்கள்தான் மருந்தின் பாதி என்றார். கதவு இன்னும் மூடவில்லை, ஆனால் அகலத் திறந்தும் இல்லை என்றார்.

*

ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கம் குறைக்கும் மருந்து) இரண்டு வாரம். முகம் பலூனானது. பசி பேய்ப்பசி.

"இப்பத்தான் மூஞ்சி மூஞ்சியா இருக்கு" என்றாள் அம்மா. நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து இருபது வருடமாகக் கரமனையில் இருக்கிறாள். ஒட்டி உலர்ந்த ஓட்டக்காரி மகள் அவளுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. "அந்தக் குந்தத்தச் செவிக்குள்ள சொருவாதட்டி, சொருவாதட்டின்னு சொன்னேம்லா? கேட்டியா நீ?"

"அம்மா, அந்தப் பக்கம் நின்னு திட்டுனா கேக்காது."

அவள் என்னைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அம்மா மட்டுமில்லை. அலுவலகம், பக்கத்து வீடு, தொலைபேசியில் அத்தை, எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: காதில் மாட்டிக்கொண்டு ஓடியதால் வந்தது. காரணம் தெரியாத நோயைப் பார்த்தால் மனிதர்களுக்குப் பொறுக்காது. நோயாளியின் கையில் ஒரு குற்றத்தைக் கொடுத்துவிட்டால் தங்கள் காது பத்திரம் என்று நினைக்கிறார்கள். இதே நிலையில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் குற்றத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். நான் செய்த தவறு ஒன்று உண்டு, ஒன்பது நாள். அதை மட்டும் என் பெயரில் எழுதிக்கொள்கிறேன். மற்றதை எழுத விடமாட்டேன்.

மாத்திரையால் முன்னேற்றம் கொஞ்சம்தான். அடுத்தது ஊசி, காதுச்சவ்வு வழியாக நேரடியாக நடுக்காதுக்குள். வாரத்துக்கு ஒன்று, நான்கு வாரம். வலி ஒரு நொடிதான். பிறகு அரைமணி நேரம் இடது காது மேலே இருக்க ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது.

வலது காது தலையணையில் புதைந்துவிடும். உலகம் நின்றுவிடும். உள்ளே ஒரு குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும் (வெளியே ஒலி இல்லாமல் காதுக்குள் கேட்கும் இரைச்சல், இந்த நோயோடு பெரும்பாலும் வரும்).

இரண்டாவது ஊசியின்போது அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் அரைமணி நேரமும் அசைந்துகொண்டே இருந்தது. எழுந்ததும் கேட்டேன்.

"என்ன சொல்லிட்டு இருந்த?"

"ஒண்ணுமில்ல. திட்டிட்டிருந்தேன். உனக்குத்தான் கேக்காதுல்லா, கொஞ்சம் நல்லாவே திட்டுனேன்."

அவள் கண் சிவந்திருந்தது.

*

ஊசிகள் முடிந்து, சவ்வு ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன மறுநாள் ஓடும் காலணியைத் தேடினேன். பரண்மேல் இருந்தது. ஸ்டூல் போட்டு எடுத்தேன்.

"ஒத்தச் செவிய வச்சிட்டா ரோட்டுல ஓடப்போற?"

"ஒரு செவி போச்சுன்னு ரெண்டு காலையும் பரண்ல வைக்கணுமா?"

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலை பழைய இயர்பட்டில் ஒன்றை வலது காதில் மாட்டிக்கொண்டு போனேன். கிள்ளிப்பாலம் சந்திப்பில் ஹாரன் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ இடது முழங்கையை உரசிக்கொண்டு நின்றது.

"செவி கேட்டூடே?" என்று கத்தினார் ஓட்டுநர். காது கேட்காதா என்கிறார்.

"ஒந்நே கேக்கூ சேட்டா!" என்று நானும் கத்தினேன். ஒன்றுதான் கேட்கும்.

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அம்மா சொன்னதில் பாதி சரி என்பதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். ஒலி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல இரண்டு காது வேண்டும். இருக்கும் ஒன்றையும் ரப்பரால் அடைத்துவிட்டால் நான் ரோட்டில் ஒரு மூட்டை.

ஓடாமல் இருப்பது ஒரு வழி. மேளம் இல்லாமல் ஓடுவது இன்னொரு வழி. மேளம் இல்லாவிட்டால் அந்தக் குழல்விளக்கு எட்டுக் கிலோமீட்டரும் கூடவே வரும். இரண்டையும் நான் ஏற்கவில்லை. வலது காது திறந்திருக்க வேண்டும், மேளமும் கேட்க வேண்டும். இதற்கு ஒரு கருவி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெரிய கடைக்குப் போனேன். விற்பனையாளர் வெளிச்சத்தத்தை அடக்கும் வகையை எடுத்து நீட்டினார்.

"மேடம், இத வச்சா பஸ் சத்தமே கேக்காது."

"எனக்கு பஸ் சத்தம்தான் வேணும்."

அவர் அதைப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த தட்டில் பின்கழுத்தைச் சுற்றி வரும் ஒரு பட்டை. அதன் முனைகள் காதுக்குள் போகாமல் கன்ன எலும்பில் உட்காரும், எலும்பை அதிர வைக்கும். கையில் எடுத்ததும் கண்ணாடி அறை ஞாபகம் வந்தது. இடது காதுக்குப் பின்னால் வைத்து அழுத்திய அந்தச் சிறு பெட்டி. என்னை ஏமாற்றிய அதே வித்தை.

போட்டுப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலிருந்தும் மேளம் வலது உட்காதுக்கு நடந்து போனது. காதுத்துளை திறந்தே இருந்தது. கடை வாசலில் ஒருவர் நாணயத்தைக் கீழே போட்டது கேட்டது.

வாங்கும் முன் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஐபிஎக்ஸ் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண் தண்ணீரைத் தாங்கும் அளவு. நான்கு என்றால் தெறிப்பு வரை, ஐந்து என்றால் பீய்ச்சல் வரை, ஏழு என்றால் சற்று நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் இந்தச் சோதனைகளை நல்ல தண்ணீரில் செய்கிறார்கள். என் வியர்வையில் உப்பு இருக்கிறது, இந்த ஊரில் அது காய்வதும் இல்லை. எண்ணைவிட முக்கியம் ஓடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு சார்ஜ் போடுவது. இல்லையென்றால் சார்ஜ் முனைகள் பச்சை பிடித்துவிடும். காதுக்குள் செருகும் வகையை விடமுடியாதவர்கள் ரப்பர் முனையைத் தினமும் கழுவிக் காயவையுங்கள், ஈரக் காதில் பூஞ்சை எளிதில் வரும். ஒரு காது மட்டும் கேட்பவர்கள் போனில் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் பாட்டின் பாதி யாருக்கும் கேட்காமல் போகும்.

மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எலும்பு வழியாகப் போனாலும் முடிவில் அடி வாங்குவது அதே உட்காதுதான். ஒலியைக் குறைத்து வையுங்கள். உங்களுக்கு மாற்றுக் காது கிடையாது."

போனில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு போட்டேன். அவர் எதிரிலேயே போட்டேன்.

இன்னொன்று. ஒரு காது திடீரென்று மந்தமானால் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைப்போ தண்ணீரோ என்றால் அந்த அடைத்த பக்கமே பெரும்பாலும் உரக்கக் கேட்கும். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்பாக இருக்கலாம். எந்தப் பக்கம் கேட்டாலும் அன்றே காது மருத்துவரைப் பாருங்கள். எனக்கு இந்தச் சோதனைக்கு ஐந்து நொடி போதுமாயிருந்திருக்கும். ஒன்பது நாள் செலவழித்தேன்.

*

இப்போதைய நிலை இது.

ஸ்கேனில் கட்டி இல்லை. இடது காதில் தாழ்ந்த சுருதிகள் பாதியளவு திரும்பியிருக்கின்றன, மேல் சுருதிகள் திரும்பவில்லை. வலது காதைப் பொத்திக்கொண்டால் செண்டை தூரத்தில் கேட்கிறது, இலைத்தாளம் இல்லை. இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குழல்விளக்கு எரிகிறது. வலது காதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறேன். தலை சுற்றல் இல்லை. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன், எட்டுக் கிலோமீட்டர். சாலையைக் கடக்கும்முன் நின்று, இரண்டு பக்கமும் கண்ணால் பார்க்கிறேன். அதனால் ஒரு நிமிடம் கூடுகிறது, கூடட்டும். மேளத்தில் கனத்த அடி விழும்போது இடது கன்னம் கூசுகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. காலணி வாசலில் இருக்கிறது.