நோரீனின் வலது தோள்

செவ்வாய்க்கிழமை காலையில் நோரீன் ஸ்டால்கப் முடி உலர்த்தும் கருவியை இடது கையில் எடுத்தால், ஞாயிறு முழுக்க ஏரியில் முங்குமீன் என்ற கனத்த பொய்மீன் தூண்டிலை இழுத்திருக்கிறாள் என்று பொருள். சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்தபடியே முடி வெட்டினால், பாசிக்குள் ஈயக்குண்டு எறிந்து எறிந்து இடுப்பு போயிருக்கிறது. ஷாம்பு மூடியைத் திறந்து தரச் சொல்லி வாடிக்கையாளரிடமே நீட்டினால் மணிக்கட்டு காலி; அன்றைக்கு வெட்டி வெட்டி இழுக்கும் வெட்டுத்தூண்டில். ஹானிகட் ஊர்ப் பெண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கணவர்களிடம் சொல்வார்கள். கணவர்கள் அன்று மாலையே அதே தூண்டிலோடு படகை இறக்குவார்கள். மீன் எங்கே என்று நோரீன் உயிர் போனாலும் சொல்ல மாட்டாள். அவள் உடம்பு தினமும் சொல்லிவிடும்.

நல்ல வேட்டை கிடைத்த வாரத்தில் அவள் கட்டைவிரல் அரம் போல இருக்கும். அந்த ஏரியில் கிடைக்கும் பாஸ் மீனைக் கீழுதட்டில் கட்டைவிரல் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். அதன் வாய்க்குள் இருப்பது பல்லே இல்லை, உப்புத்தாள். அந்த விரலால் அவள் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கும்போது நாற்காலியில் இருப்பவள் நெளிவாள். "கொஞ்சம் பொறுத்துக்க, பன்னெண்டு மீனு" என்பாள் நோரீன், ஏதோ பதக்கத்தைக் காட்டுவதுபோல.

வயது ஐம்பத்தேழு. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வாரத்தில் ஐந்து நாள் முடி திருத்தும் கடை, மிச்ச இரண்டு நாள் அண்ணன் டப்போடு படகு. டப் மின்கம்பம் ஏறும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், முதுகில் இரண்டு எலும்பு ஒட்டிப்போனவர். படகின் பின்பக்கம் மெத்தை இருக்கையில் உட்கார்ந்து மீன் பிடிப்பார். நோரீன் முன்பக்கம் நிற்பாள். ஒரு கால் மோட்டார் பெடலில், உடம்பின் முழுப் பாரமும் இன்னொரு காலில், விடிந்ததிலிருந்து மூன்று மணிவரை. முன்பக்கத்து இருக்கையை என்றைக்கோ கழற்றி எறிந்துவிட்டாள்.

எந்தத் தூண்டில் உடம்பில் எந்த இடத்தைக் கேட்கும் என்பதை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். "முங்குமீனு இருக்கே, அது இருபதடிக்கு மூக்கக் குத்திக்கிட்டுப் போகும். அத இழுக்கறது கெணத்துல விழுந்த வாளிய இழுக்கற மாதிரி. ஒரு நாளைக்கு அறநூறு தடவ. தோளு கேக்கும், குடுக்கணும். வெட்டுத்தூண்டிலு மணிக்கட்டக் கேக்கும். பாசிக்குள்ள இருக்கற மீனு ஒன்னையே கேக்கும். முள்ளு ஏறுனதும் இடுப்பத் திருப்பி ஓங்கி இழுக்கலேன்னா, அது பாசியோட குடும்பம் நடத்தப் போயிடும்." டப் வைத்திருக்கும் மெல்லிய தூண்டில் கழியைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். நூல்போன்ற தூண்டில் நரம்பில் ஒரு சின்ன ரப்பர்ப் புழுவைக் கட்டி, அடியில் விட்டு, சும்மா நடுங்க வைத்துக்கொண்டிருக்கும் வித்தை அது. "அது மீன் புடிக்கிறதா? ஸ்வெட்டர் பின்றது."

செப்டம்பரில் ஒரு நாள் டிரெஸ்ஸா என்ற பெண்ணுக்கு முடி சுருட்டிக்கொண்டிருந்தபோது நோரீனின் வலது கை காதுக்கு மேலே எழவில்லை. அவள் எவ்வளவு முயன்றும் எழவில்லை. டிரெஸ்ஸா ஊர் மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை தருபவள்; தலையில் பாதிச் சுருளோடு எழுந்து நின்று அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நோரீன்க்கா, இன்னும் ஒரு நாள் அந்த முங்குமீன இழுத்தீங்கன்னா தசைநார் அறுந்துடும். அப்புறம் தைக்கணும். ஆறு மாசம் கத்தரிக்கோலும் கெடையாது, தூண்டிலும் கெடையாது."

"அக்டோபர்ல கடைசிப் போட்டி இருக்குடி."

"இருக்கட்டும். செவ்வாக்கெழம நான் முடி வெட்டிக்க வருவேன். எந்தக் கையில என்ன எடுக்கறீங்கன்னு பாப்பேன்."

அந்தப் போட்டியைச் சொல்லாமல் நோரீனைச் சொல்ல முடியாது. ஹானிகட் மீன்பிடிச் சங்கத்தில் வருடம் முழுக்கப் பிடித்த எடையைக் கூட்டி, கடைசியில் முதல் இரண்டு ஜோடிகளை மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். அண்ணனும் தங்கையும் இருபத்திரண்டு வருடமாகப் போட்டியிடுகிறார்கள். ஏழு தடவை மூன்றாம் இடம். ஒரு தடவைகூட மாநிலப் போட்டிக்குப் போனதில்லை. "மூணாவது எடத்த எங்க பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கடைக்குள் மட்டும்தான். படகில் அந்தப் பேச்சை எடுத்தால் டப்புக்கு மதியச் சாப்பாடு கிடைக்காது. இந்த வருடமும் மூன்றாவதில் நின்றார்கள். ஆனால் இரண்டாமிடத்து காடிஸ் சகோதரர்களை எட்டிப் பிடிக்கும் தூரம்தான்.

போட்டி நாளில் மீன் முழுவதும் ஆழத்தில் இருந்தது. முங்குமீனுக்கென்றே செய்து வைத்ததுபோல இருபதடித் தண்ணீர். நோரீன் பெட்டியைத் திறந்து தன் பச்சை முங்குமீனைப் பார்த்தாள். மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"தொறந்து தொறந்து மூடுனா அதுக்குக் காத்துப் புடிச்சுக்கும்" என்றார் டப். "இந்தா, ஸ்வெட்டர் பின்னு" என்று மெல்லிய கழி ஒன்றை நீட்டினார்.

வாங்கினாள். வேறு வழியில்லை. பத்து நிமிடத்தில் நரம்பில் ஒரு துடிப்பு. முப்பது வருடப் பழக்கம் யாரைக் கேட்டது? இடுப்பைத் திருப்பி ஓங்கி இழுத்தாள். நரம்பு பட்டென்று அறுந்தது. தோளில் மின்னல் அடித்தது. இரண்டாவது மீனும் அப்படியே. மூன்றாவதும். நல்ல கனமான மீன்கள், மூன்றும் ரப்பர்ப் புழுவைத் தின்றுவிட்டுப் போயின. டப்பின் இரண்டு குஞ்சு மீன்கள் மட்டும் தொட்டியில் நீந்தின. மணி பன்னிரண்டரை. நோரீன் கழியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, என்னால மெதுவா இழுக்க முடியலண்ணே. கை கேக்க மாட்டேங்குது."

"கை என்ன பண்ணும்? நீ நிக்கிற. நின்னா இடுப்பு வரும், இடுப்பு வந்தா தோளு வரும். உக்காரு புள்ள."

"நான் உக்காந்து மீன் புடிச்சதில்ல."

"நானு உக்காந்துதான் புடிக்கறேன். என்ன கொறஞ்சு போயிட்டேன்?"

சாண்ட்விச் வைத்திருந்த ஐஸ்பெட்டியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்போதும் வலது கை துறுதுறுவென்றிருந்தது. என்ன செய்வாள்? அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கழி இடது கையில். வலது உள்ளங்கை ஐஸ்பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் சிறையில். துடிப்பு வந்ததும் கையை வெளியே உருவி, ரீல் பிடியைத் தேடிச் சுற்ற ஆரம்பிப்பதற்குள் ஒரு கணம் போய்விடும். அந்த ஒரு கணம்தான் அந்த மீனுக்கு வேண்டியிருந்தது. அதுவே திரும்பி நீந்தி, அதுவே முள்ளைத் தன் வாயில் ஏற்றிக்கொண்டது. நோரீன் சுற்ற மட்டும் செய்தாள்.

"வந்துருச்சுண்ணே" என்றாள் மிகவும் மெதுவாக, யாரோ தூங்குவதுபோல.

மூன்று மணிக்குள் மூன்று மீன். கடைசியாக வந்தது நரம்பை இழுத்துக்கொண்டு படகுக்கடியில் புகுந்து எட்டு நிமிடம் சண்டை போட்டது. நோரீன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பெட்டியோடு சேர்ந்து சுழன்றாள். டப் வலையை நீட்டிக்கொண்டு முதுகைப் பிடித்தபடி சிரித்தார். அது வலைக்குள் வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

எடை மேடையில் வருடக் கூட்டுத்தொகை காடிஸ் சகோதரர்களைவிட நான்கு அவுன்ஸ் அதிகம். சங்கத் தலைவர் ஹாய்ட் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாமிடம் ஸ்டால்கப் ஜோடிக்கு, மாநிலப் போட்டிக்கும் அவர்களே போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். படகுத்துறையே கைதட்டியது. காடிஸ் மூத்தவன் வந்து டப்பின் முதுகில் ஓங்கித் தட்டி, வசவும் வாங்கிக்கொண்டு போனான்.

படம் எடுக்க வேண்டும். நாளின் பெரிய மீனைப் பிடித்தவர் அதைத் தலைத்தொப்பிக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் சங்கத்துச் சுவரில் படம் ஏறும். அது வழக்கம், யாருக்கும் விலக்குக் கிடையாது. இன்றைய பெரிய மீன் ஏழு பவுண்டு, நோரீனுடையது.

"தூக்கும்மா, தொப்பிக்கு மேல" என்றார் ஹாய்ட், கேமராவைச் சரிசெய்தபடி. கூட்டமும் தூக்கு தூக்கு என்றது. முன்வரிசையில் டிரெஸ்ஸா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நோரீன் மீனை இடது கையில் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். தலையை நன்றாகக் குனிந்து வலது கையால் தொப்பியைக் கழற்றினாள். மீனுக்கு ஓர் அடி கீழே, வயிற்றோடு சேர்த்துத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.