நாற்பத்தாறாம் நம்பர் கம்பி

வெள்ளிக்கிழமை முற்பகல். தேயிலைத் தொழிற்சாலை மோட்டார் ஒன்றின் சுருளுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக் காதர் வாசலில் நின்றே சொன்னார்: "ஐயா, மஜீது நானா மவுத்தாகிட்டாரு. அஸருக்குப் பொறகு ஜனாஸா." மறைந்துவிட்டார், பிற்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றதும் தூரிகையை வைத்துவிட்டு இறைவன் பெயரைச் சொன்னேன். ஆனால் அப்பெயருக்கு முன்பாகவே என் மனத்தில் வேறொன்று வந்துவிட்டது: இனி மாத்தளையில் கம்பி சுற்றத் தெரிந்தவன் நான் ஒருவனே.

அவரை அறிந்த உங்கள் முன் இதை மறைத்து அஞ்சலி எழுத என்னால் இயலவில்லை. பல ஆண்டுகளாக அவர்மேல் அழுக்காறு கொண்டிருந்தேன். நாள்தோறும் நீராடி, நீறணிந்து, பதிகம் பாடிய பின்பே கடை திறப்பவன் நான். அழுக்காறும் என்னுடன் வந்து கடை திறந்தது.

அது தொடங்கியது அம்மன் கோயிலில். தேர்த் திருநாளில் நான் பாடத் தொடங்கும் வேளையில் ஒலிபெருக்கி அடங்கிப்போயிற்று. ரேடியோ திருத்தும் மஜீது நானாவை அழைத்துவந்தார்கள். செருப்பை வெளியே விட்டு, கைகால் கழுவி வந்து, கால்மணி நேரத்தில் அதைச் சீராக்கினார். பிறகு பதினொரு பாடலும் முடியும்வரை ஓரமாக நின்று கேட்டார். முடிந்ததும் அருகில் வந்து, "கோவிச்சிக்கப்படா ஐயா. ரெண்டாம் பாட்டுல கொரல் ஒரு நூல் எறங்கிடிச்சி" என்றார். இளமை முதல் நான் பாடிவரும் பதிகம் அது. அதன் பொருளும் அவர் அறியார், பண்ணின் பெயரும் அறியார். வீட்டில் சுருதிப்பெட்டியோடு பாடிப் பார்த்தேன். இறங்கத்தான் செய்தது.

வஹகோட்டை அன்டனின் செய்தி அதற்குப் பிந்தியது. தம் ஊர்த் தேவாலயத் திருநாளில் மின்கிட்டார் வாசிப்பவர் அவர். திருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் அது ஊமையாகிவிட்டது. தந்திகளின் அடியில், காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பியால் ஆன சுருள் ஒன்று உண்டு, பிக்கப் என்பார்கள். தந்தியின் அதிர்வை மின்னாக்குவது அதுவே. அதன் கம்பி அறுந்திருந்தது. இறக்குமதி நின்றிருந்த காலம், புதியது கிடைக்காது. நானாவை விட்டு என்னிடம் வந்தாரே என்று உள்ளம் குளிர்ந்தேன்.

அன்டன் வைத்திருந்த அமெரிக்கச் சஞ்சிகையில் நாற்பத்திரண்டாம் நம்பர் கம்பி, எட்டாயிரம் சுற்று என்றிருந்தது. என்னிடம் நாற்பத்திரண்டு இருந்தது, சுற்றினேன். மூவாயிரத்திலேயே பிக்கப்பின் கம்பி சுற்றும் கட்டை நிரம்பிவிட்டது. எழுத்தில் உள்ளதை ஐயுற்றுப் பழகாத மனம் எனக்கு. ஆகவே என் எண்ணிக்கைதான் பிழை என்று முழுவதையும் அவிழ்த்து, மறுபடி எண்ணிச் சுற்றினேன். மறுபடியும் மூவாயிரம். அப்படியே கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் அன்டன் வந்தார். "ஐயா, போத்தலுக்குள்ள நுளம்பு பாடுற மாதிரி இருக்குங்க." கொசுபோல் முனகுகிறதாம். அங்கிருந்து நேரே நானாவிடம் போனார். ஈயம் வாங்கும் சாக்கில் நானும் பின்னே போனேன்.

நானா சஞ்சிகையைத் திறக்கவே இல்லை. அன்டனின் சட்டைப்பையில் கிடந்த, முதலில் அறுந்த பழைய கம்பியை வாங்கி, பென்சிலில் நெருக்கமாக ஐம்பது சுற்றுச் சுற்றி, அடிமட்டத்தால் அகலம் பார்த்தார். பின் தம்மிடமிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக அதே பென்சிலில் சுற்றினார். நாற்பத்தாறு பொருந்தியது. நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். அமெரிக்கர் நம்பர் வேறு, நாம் வாங்கும் இங்கிலாந்துக் கம்பியின் நம்பர் வேறு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களுடைய நாற்பத்திரண்டு நமக்கு நாற்பத்தாறு. "நம்பர் கடதாசில இரிக்கி ஐயா. கம்பி கையிலதானே இரிக்கி" என்று சிரித்தார்.

நாற்பத்தாறு சற்றே இழுத்தாலும் அறும். மறுநாட் காலை, பூவும் நீரும் இட்ட கையைக் கூப்பி, நானா சுற்றப்போகும் அந்தக் கம்பி அறுந்துபோக வேண்டும் என்று வேண்டினேன்.

அறுந்தது. ஆறாயிரம் சுற்றில் ஒருமுறை, ஏழாயிரத்தில் ஒருமுறை. "ஆரோ கண் வெச்சிட்டாங்க போல ஐயா" என்று என்னிடமே சொன்னார். ஒவ்வொரு முறையும் பிஸ்மி சொல்லி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் முறை சுற்றி முடித்தார்.

திருநாளன்று கிட்டாரின் நாதம் தேவாலய முற்றத்தை நிறைத்தது. நான் நிற்பதை அறியாத இசைக்குழுக்காரர் ஒருவர், "மொதல்ல சுத்துன கொரங்கு யாரு நானா?" என்று கேட்டார். நானா முகம் சுளித்தார். "அப்பிடிச் சொல்லப்படா தம்பி. அந்தச் சுத்து என்னால ஏலாது. பாய் இழச்ச மாதிரி படிஞ்சி இரிந்திச்சி. நம்பர் மட்டும் வேற தேசத்து நம்பர்." அவரும் என்னை ஏசியிருந்தால் வெறுத்து ஆறியிருப்பேன். அந்தப் பாராட்டை இன்றளவும் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் நானா ஒரு நூற்கட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நான் சுற்றிய கம்பி. வெட்டாமல், ஓரிடத்திலும் அறாமல், மூவாயிரம் சுற்றையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றியிருந்தார். "வெட்டி எறிய மனசு வரல்ல ஐயா." நான் வேண்டியதை அவரிடம் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தக் கட்டை என்னிடம் இருக்கிறது. கம்பிக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் அதைத் தொடவில்லை. ஜனாஸாவுக்கு மறுநாளும் வழக்கம்போல் பாடினேன். இரண்டாம் பாடல் வந்தது. குரல் இறங்கியது என்றே நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவர் போய்விட்டார்.