அத்தாவின் முகம் தெளிந்த வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமைகளில் அம்மா கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுத்தான் மாவாட்டப் போவாள். உளுந்து பொங்கி, மாவை வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்க்கும்போது திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார ஆரம்பித்திருக்கும். நடுவில் கரண்ட் போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. அப்படிப் போகும் நாட்களில் அம்மா கரண்டைத் திட்டமாட்டாள், கம்ப்யூட்டரையும் திட்டமாட்டாள். என்னைத்தான் திட்டுவாள்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் அத்தா, அதாவது அப்பா, வாங்கியது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தா, அங்கே வேலை குறைந்துபோய் அரபு நாட்டுக்குக் கிளம்பினார். போவதற்கு முந்தின வாரம், பஸ் ஸ்டாண்டு பக்கம் மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரில் அதை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பேகம்பூர்ச் சந்துக்குள் வந்து இறங்கினார். பின்பக்கம் பெருத்த மானிட்டர். கீபோர்டில் பாதி எழுத்துக்கள் யார் யாரோ தட்டித் தட்டி அழிந்துபோயிருந்தன. மானிட்டர் தலையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு கேமரா. "நான் அங்க இருந்தாலும் இங்க உக்காந்துருக்க மாதிரிதான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அதன் மேல் போடுவதற்கு ஓரத்தில் பூவேலை செய்து ஒரு துணி தைத்தாள்.

ஆனால் அத்தா அதில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒருநாளும் தெரியவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் கால் வரும். முதலில் குரல் வரும். அது பேசி முடித்து வெகுநேரம் கழித்து வாய் அசையும். முகம் சதுரம் சதுரமாக இருக்கும். ஒரு சதுரம் மூக்கு, இரண்டு சதுரம் தாடி. திடீரென்று படம் அப்படியே நின்றுவிடும். ஒரு கண்ணை மூடியபடி நின்றால் நானும் தம்பியும் சிரிப்போம். சிரித்தபடி நின்றுவிட்டால் அம்மா எங்களைப் பேச விடமாட்டாள். "செத்த நேரம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு அந்த நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் அத்தா எப்படி இருந்தாரோ, அந்த முகத்தை நாங்கள் இந்தச் சதுரங்களுக்குள் போட்டு நிரப்பிக்கொள்வோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டரின் மேல் தீராத கோபம் இருந்தது. அம்மா பேசி, அதற்கப்புறம் தம்பி மழலையில் ஏதோ சொல்லி, என் முறை வரும்போது படம் உறைந்து கால் அறுந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நடந்த எத்தனையோ சங்கதிகள் சொல்லப்படாமலே என்னிடம் தங்கிப் பழசாகிப்போயின.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டில் தங்க வந்தவள், கம்ப்யூட்டர் ஆன் ஆகிற அழகை ஒரு தடவை பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏக்கா, இது ஆன் ஆகுறதுக்குள்ள ஒரு ஆளு பஸ் ஏறி திருச்சிக்கே போயிட்டு வந்துருவான்க்கா. இம்புட்டு நேரமா?"

"ஓடுறத ஓட விடு. தொட்டுக் கெடுத்துறாத" என்றாள் அம்மா.

"நான் படிக்கிறதே இதத்தான்க்கா."

"படிக்கிறது வேற. வெள்ளிக்கெழம அவுக கூப்புடுவாக. அதத் தாண்டி என்ன வேணாலும் பண்ணு."

சின்னம்மாவுக்குப் பொறுமை கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே, அம்மா கறி எடுக்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். தம்பியும் நானும் சேர்த்துவைத்திருந்த விளையாட்டுகள், மவுஸ் அம்புக்குப் பின்னால் மினுமினுவென்று நட்சத்திரம் உதிர்கிற ஒரு சாமான், பிரவுசிங் சென்டர்க்காரர் காலத்திலிருந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த மூன்று வைரஸ் தடுப்பான்கள் எல்லாவற்றையும் அவள் வெளியே தள்ளினாள்.

"பாரு, இது தொறக்கும்போதே இம்புட்டுப் பேரும் வாசல்ல நின்னு நான் முந்தி நீ முந்தின்னு முட்டுறாய்ங்க. ஒங்கத்தா எப்புடிடி உள்ள வருவாரு?"

அத்தா உண்மையிலேயே அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் பெட்டியோடு நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது. நட்சத்திரத்தைக் கூட நானே அழித்தேன்.

பிறகு பக்கத்து வீட்டுப் பூட்டுப் பட்டறையில் திருப்புளியும் பெயின்ட் பிரஷும் இரவல் வாங்கி வந்தோம். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் சின்னம்மா "அல்லா!" என்று பின்வாங்கினாள். காற்றாடியின் இறக்கைகளுக்கு நடுவே பஞ்சு மெத்தைபோல் தூசி. மூலையில் இரண்டு பல்லி முட்டை. "இது மூச்சு விடவே இல்லடி, பாவம்" என்று சொல்லிக்கொண்டே மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு துடைத்தாள். உள்ளேயிருந்து சீப்பு மாதிரி ஒரு பச்சைத் தகட்டை உருவினாள். அதுதான் ரேம் என்றும், கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி அதில்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். அதன் மஞ்சள் விளிம்பு கறுத்திருந்தது. என் டப்பாவிலிருந்த ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பரை எடுத்து அதைத் தேய்க்கச் சொன்னாள். தேய்க்கத் தேய்க்க விளிம்பு தங்கம் மாதிரி மின்னியது. தோழி ஒருத்தியிடம் கேட்டு வாங்கி வந்திருந்த இன்னொரு தகட்டையும் பக்கத்தில் செருகினாள்.

எல்லாவற்றையும் மாட்டி பட்டனை அழுத்தினோம். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து 'பீப், பீப்' என்று ஒரு சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது.

அம்மா அந்நேரம்தான் கறிப் பையோடு வாசலில் நின்றாள். திறந்து கிடக்கும் பெட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இன்னைக்கு வெள்ளிக்கெழம" என்று மட்டும் சொன்னாள்.

சின்னம்மாவின் வாய்க்கொழுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் தகடுகளைக் கழற்றினாள், ஊதினாள், மாட்டினாள். மறுபடியும் பீப். இடம் மாற்றி மாட்டினாள். மறுபடியும் பீப். மதியச் சோறு யாரும் உண்ணவில்லை. தம்பிக்கு மட்டும் அம்மா பழைய குழம்பில் பிசைந்து கொடுத்தாள். கடைசியில் சின்னம்மா பிஸ்மி சொல்லி, இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் தகட்டை அழுத்தினாள். 'டிக்' என்றது. ஒரே ஒரு பீப். அப்புறம் திரையில் வெளிச்சம் வந்தது. நாங்கள் மூச்சை வெளியே விடுவதற்குள் படங்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.

"பாத்தியாக்கா!" என்று கத்திய சின்னம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா சிரித்தபடி அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். பவுடர் போட்டு, தலை சீவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தபோதும் கால் வருவதற்கு நேரம் மீதியிருந்தது. அம்மாவுக்கு அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு தடவை எழுந்துபோய்ப் பவுடரைத் துடைத்துவிட்டு வந்தாள்.

கால் வந்தது. சதுரங்கள் இல்லை. அத்தா வந்தார்.

நான்தான் முதலில் கத்தினேன். "அத்தா! பளிச்சுனு தெரியுறீங்க! ஒங்க தாடியில வெள்ள முடிகூடத் தெரியுது!"

கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, கல்யாணப் போட்டோவில் இருப்பவருக்கு அண்ணன் மாதிரி ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து மெலிந்து நின்றது. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். வாயும் குரலும் ஒன்றாக அசைந்தன.

அத்தா தனக்குத் தனி ரூம், ஏசி ரூம் என்று சொல்லியிருந்தார். அவர் தலைக்கு மேலே இன்னொரு கட்டில் இருந்தது. அதிலிருந்து ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தா, மேல யாரோட காலு?"

அவர் திரும்பி அண்ணாந்து பார்த்தார். "அதுவா தங்கம்... அது ஒரு சேக்காளி. விருந்தாளியா வந்துருக்காரு."

"பின்னாடி ஒருத்தர் தூங்குறாரே. அவரும் விருந்தாளியா?"

சின்னம்மா என் தொடையில் கிள்ளினாள். எதற்கென்று தெரியாமல் அவளை முறைத்தேன்.

அம்மா கேட்டாள்: "ஏங்க, இப்புடி மெலிஞ்சு போயிட்டீங்களே?"

"கேமராவுல அப்புடித்தான் தெரியும்" என்றார் அத்தா. அவர் கை தாடியைத் தடவிக்கொண்டது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "என்னாச்சு, இன்னைக்கு படம் நிக்கவே மாட்டேங்குது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பல்லி முட்டை, ரப்பர், வாசலில் நின்ற கூட்டம், பீப் சத்தம் எல்லாம். முதல்முறையாக என் பேச்சு அறுந்துபோகாமல் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. அத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். "எம் மக கெட்டிக்காரி" என்றார். அன்றைக்கு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் சந்து முழுவதும் நடந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தாவின் குரல் வந்தது. படம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம்.

"கேமரா கெட்டுப்போச்சு தங்கம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் பக்கம் சரியானதும் அவர் பக்கம் கெட்டுப்போக வேண்டுமா? ஆனால் நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அத்தா, மொதல்ல ஒயரக் கழட்டி மாட்டுங்க."

சற்று நேரம் ஏதோ உரசுகிற சத்தம். "மாட்டிட்டேன்மா. வரலையே."

"வேற ஓட்டையில மாட்டிப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

குரல் போய், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. "பண்ணிட்டேன் தங்கம். ம்ஹூம்."

"தட்டிப் பாருங்க அத்தா. மெதுவா."

டொக், டொக் என்று கேட்டது. நான் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ரப்பர் வச்சுத் தேச்சுப் பாருங்களேன்."

"இங்க ரப்பர் இல்லையேம்மா. நாளைக்கு வாங்கித் தேச்சுப் பாக்குறேன். நீ செத்த தள்ளி உக்காரு, ஒம் மொகம் பாதிதான் தெரியுது. தம்பிய இப்புடித் தூக்கி வையி. ஆங். இப்ப எல்லாரும் நல்லாத் தெரியுறீங்க."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் அந்தக் கட்டம் வெளுக்கவில்லை. வாராவாரம் நான் புதிது புதிதாக ஏதாவது சொல்வேன். அவரும் சளைக்காமல் செய்வார். வேறு எதற்கும் அத்தா என் சொல்லை அவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை. இந்தப் பக்கம் அம்மா வழக்கம்போல் பவுடர் போட்டுக்கொண்டு வந்து, அவர் பார்க்கிறார் என்று தெரிந்து, கேமராவுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தன் கண்ணை எங்கே வைப்பதென்றுதான் அவளுக்குத் தெரியாது.

அத்தா பிற்பாடு ஊருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவர் அங்கே எப்படி இருந்தார், என்ன வேலை செய்தார் என்பதெல்லாம் நான் வளர்ந்தபிறகு துண்டுதுண்டாகக் காதில் விழுந்தது. இப்போது வெளியூரிலிருந்து நான் வீடியோ காலில் கூப்பிடும்போது, அத்தா போனைக் காதில் வைத்துப் பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அம்மாதான் அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டுவாள். அவர் அதற்குள் எழுந்து போயிருப்பார்.

ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஒரு சாயங்காலம்தான் முன்னால் வந்து நிற்கிறது. கேமரா கெட்டுப்போய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. சின்னம்மா ஏதோ லீவுக்கு வந்திருந்தாள். கால் முடிந்து, நான் துணியை எடுத்துக் கம்ப்யூட்டரின் மேல் போர்த்திக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அம்மா தோசைக் கல்லைப் பார்த்தபடி தங்கையிடம் கேட்டாள்.

"ஏன்டி, இத பழையபடி ஆக்கிறலாமா?"

"எத?"

"கம்ப்யூட்டரத்தான். முன்ன மாதிரி மெதுவா ஓடுற மாதிரி. அவுக மொகம் கட்டங்கட்டமாத் தெரிஞ்சாலும் போதும்டி."

சின்னம்மா அம்மாவின் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றும் தெரிவதில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடியும் மெதுவாகிவிடுமோ என்றுதான் அம்மா பயப்படுகிறாள், கேட்கத் தெரியாமல் மாற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"பயப்படாதம்மா. இனிமே அது மெதுவா ஆகவே ஆகாது."