குடித்தால் இறங்க வேண்டும்

மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டேன். ஹோட்டல், அரிசி ஆலை என்று சுற்றிவிட்டு, யுத்த காலத்தில் லொறிக் கிளீனரானேன். கண்டியிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறி. டிரைவர் நிஸார், முஸ்லிம்; அவர்கள் வழக்கப்படி அண்ணனை அழைப்பதுபோல் ‘நானா’ என்பேன். முதல் நாள் கடுகண்ணாவை இறக்கத்தில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். நானா கையைத் தட்டிவிட்டார்.

“குடிக்காதே. குடிச்சா இறங்கணும். இறங்கினா ஆமிக்காரன் வருவான். ஒன்ட ஐடென்டியில தமிழ்ப் பேரப் பாத்தான்டா மரக்கறி கொழும்புக்குப் போகும், நீ பொலிசுக்குப் போவாய்.”

“நீங்க குடிங்க நானா. ஒங்களுக்கு என்னா பயம்?”

“நான் குடிச்சா நான் இறங்கணும். லொறி நிண்டா ஒன்னயும்தானே பாப்பான், மடையா.”

வீதித் தடைகளில் தெரிந்த லொறி என்று நானாவைப் பார்த்து விட்டுவிடுவார்கள்; ஆனால் வீதியோரம் நின்ற லொறிகளிலிருந்து தமிழ்ப் பெயர்க்காரர்களைக் கூட்டிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே சாமான் இறக்கும் வரை இருவருக்கும் வாய் வறண்டிருக்கும். சிறுநீரை அடக்குவதும் வேலையில் சேர்ந்துவிட்டது. எரிந்தால் சூடு என்போம். நானாவுக்கு இடுப்பு வலி வந்தது. பாமசியில் தானே வாங்கிய வலிக் குளிசையை எச்சிலோடு விழுங்குவார். இப்படியே வருஷங்கள் போயின.

அவருக்குக் கால் வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர்.

“கடைசியா எப்ப பிரஷர் பாத்தனீங்கள்?”

“டயருக்குத்தான் பாக்கிறது, டொக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. “இந்தக் குளிசையை ஆர் தந்தது? தண்ணி குடிக்கிறேல்லையோ?”

நானா என்னை ஒரு தரம் பார்த்தார்.

“மறந்து போகுது, டொக்டர்.”

பிரஷர், குளிசை, தண்ணீர்க் குறைவு எல்லாம் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டதாக டொக்டரம்மா சொன்னார். முன்பே வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம்.

இப்போது லொறியில் ஏறும் தம்பிமாருக்குச் சொல்கிறேன். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வந்தால் நிறுத்தி இறங்குங்கள். டொக்டரைக் கேட்காமல் வலிக் குளிசையைத் தொடர்ந்து விழுங்காதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே பிரஷர், சீனி, சிறுநீர் மூன்றையும் பரிசோதியுங்கள். எங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை.

சண்டை முடிந்து வீதித் தடைகளை எடுத்த பிறகு, இரத்தம் சுத்திகரிக்க நானாவை ஆஸ்பத்திரிக்கு, டிரைவராகிவிட்ட நான்தான் லொறியில் ஏற்றிப் போவேன். ஒருநாள் வழியில் ஒரு தண்ணீர்ப் பீலியைக் கண்டு நிறுத்தச் சொன்னார். மலைத் தண்ணீர் குளிராகக் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் ஏந்தி வாயில் வைத்திருந்தார். பிறகு துப்பினார். சிறுநீரகம் கெட்டவர் தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும்; டொக்டர் சொன்ன அளவு அன்றைக்குக் காலையிலேயே முடிந்திருந்தது.

“நல்ல தண்ணிடா,” என்றார். “நீ குடி. நான் நிக்கிறேன்.”