வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்த ஷூ

"யாராவது வந்துட்டு, உள்ள வராமலே திரும்பிப் போனாங்களா?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டவர் பெயர் குரமோச்சி இட்சுயே. அறுபத்தொரு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் கூடத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். நானும் ஒன்பது வருடம் அவர் கை பட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் வெள்ளைத் தொப்பியும் முகமூடியும் இல்லாமல் அவரை முதல் தடவை பார்த்தது இந்த ஏப்ரலில், ஹசுமி குலக் கண்காட்சியில்.

நான் மார்ச்சில் பள்ளி முடித்தேன். என்னோடு படித்தவர்கள் ஹிரோஷிமாவுக்கும் ஒசாகாவுக்கும் போய்விட்டார்கள். நர்சிங் கல்லூரி எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தபோது, நகர அலுவலகத்தில் பன்னிரண்டு நாள் வேலை வந்தது. கண்காட்சி வாசலில் உட்கார வேண்டும். வருகிறவர்களைப் பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்ல வேண்டும். கழற்றி வைக்கும் ஷூக்களை, திரும்பப் போகும்போது காலை நுழைத்து அப்படியே நடந்துவிட வசதியாக, வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும்.

"பேரு வாங்க மறந்தாக்கூட மன்னிச்சிடுவேன் சாயோரி, ஷூவைத் திருப்ப மறந்தா மன்னிக்க மாட்டேன்" என்றார் அகாவா சார். கண்காட்சிக்கு அவர்தான் பொறுப்பு. ஹசுமி குலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேருந்தைத் தவறவிடுகிற மனிதர்.

ஹசுமி குலத்தார் நானூறு வருடத்துக்கு முன் எங்கள் மலைக்கோட்டையை மூன்று தலைமுறை ஆண்டு, ஒரே கோடையில் எல்லாவற்றையும் இழந்தார்கள். மிச்சம் என்று சொல்ல இரண்டு ஈட்டி, சில கடிதங்கள், கடைசிப் போரில் கோட்டைக்குள் இருந்த நாற்பத்துமூன்று பேரின் பெயர்ப்பட்டியல், அப்புறம் நெற்றியில் இரும்புத் தும்பி வைத்த ஒரு தலைக்கவசம். தும்பி பின்னால் பறக்காது, அதுபோல் போரில் பின்வாங்கக் கூடாது என்று நம்பி வைத்துக்கொண்டது. அந்தக் கவசம் டோக்கியோவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்பது வருடம் கழித்து, பன்னிரண்டு நாளுக்கு மட்டும் ஊருக்கு வந்திருந்தது. பழைய நெல் கிடங்கில் பாய் விரித்து, அதை நடுவில் வைத்திருந்தோம்.

இட்சுயே அம்மா முதல் நாளே பத்து மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றி, ஒரு துணிப்பைக்குள் போட்டு, பையோடு உள்ளே போகப் பார்த்தார்.

"அம்மா, இங்கயே வைங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"பழைய ஷூம்மா. எல்லார் கண்ணுலயும் பட வேணாம்."

"பேரு மட்டும்..."

"கை சரியில்ல" என்று வலது கையை மடக்கிக் காட்டினார்.

கவசத்துக்கு எதிர் மூலையில், கடிதங்களை மாட்டிய மடிப்புத் தட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தால் இடுக்கு வழியாகக் கவசம் தெரியும், உட்கார்ந்திருப்பவர் தெரியமாட்டார். மாலை நான்கு மணி வரை அங்கேயே இருந்தார். போகும்போது பதிவேட்டைப் புரட்டி, அன்று வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கை அப்போது நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

"கவசத்தைத் தூக்க வேவு பாக்குறாங்கன்னு நினைக்கிறேன்" என்றார் அகாவா சார். "தூக்குனா தூக்கட்டும். டோக்கியோக்குத் திருப்பி அனுப்புற தொல்லை எனக்கு மிச்சம்."

தினமும் இரண்டு சோற்று உருண்டை கொண்டு வருவார், நடுவில் உப்பில் ஊறிய பிளம் வைத்தது. ஒன்றை மதியம் சாப்பிடுவார். இன்னொன்றை, மூடும் நேரத்தில், என் மேசையில் வைப்பார். "மிஞ்சிப்போச்சு. சாப்பிடு பொண்ணே." பதினோரு நாள் அதைச் சாப்பிட்டேன். இரண்டே உருண்டை செய்கிறவருக்கு எப்படித் தினமும் சரியாக ஒன்று மிஞ்சுகிறது என்று யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள், கூட்டமில்லாத நேரத்தில், பெயர்ப்பட்டியல் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார். கடைசிப் பெயர் மேல் கறுப்பு மையால் பட்டையாக அடித்திருந்தது.

"இது யாரு?"

"ஓடிப்போனவன்னு அகாவா சார் சொன்னாரும்மா. மத்தவங்க எல்லாம் செத்தாங்க. இவன் மட்டும் தப்பிச்சிட்டான். அதனால பேரை அடிச்சிட்டாங்க."

"யாரு அடிச்சது?"

"தெரியலம்மா."

"அவங்க அம்மாவா இருக்காது" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "நீ என்ன நினைக்கிற? தப்புதானா?"

"நானா இருந்தா நானும் ஓடியிருப்பேன். இந்த ஊர்ல இருந்தே ஓடணும்போல இருக்கு."

"ஓடு. ஆனா எங்க இருக்கேன்னு ஒரு வரி எழுதிப் போடு" என்றார். கிழவி புத்தி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் மழை. கடைசி நாள் என்பதால் காலையிலேயே வரிசை நின்றது. இட்சுயே அம்மா நனைந்து வந்தார். ஷூவிலிருந்து தண்ணீர் சொட்டியது. வழக்கம்போலத் துணிப்பையை விரித்தார்.

அவரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. கடைசி நாளாவது மரியாதையாக நடத்த வேண்டும் என்று தோன்றியது. "குடுங்கம்மா, நான் வைக்கிறேன்" என்று கை நீட்டினேன்.

"வேணாம்மா."

"ஈர ஷூவை மடியில வெச்சுக்கிட்டு எப்படி உக்காருவீங்க, குடுங்க."

"ஐயோ, வேணாம்மா."

"நீங்கதான் எங்க முதல் விருந்தாளி. குடுங்க."

"வேணாம், வேணாம்."

எங்கள் ஊரில் யாரும் முதல் தடவையிலேயே சரி என்று சொல்லிவிட மாட்டார்கள். தேநீர் வேண்டுமா என்றால் மூன்று முறை வேண்டாம் என்றுவிட்டுத்தான் கோப்பையை வாங்குவார்கள். மூன்றாவது மறுப்போடு நிறுத்திக்கொண்டால், கொடுக்க மனமில்லாதவள் என்று பேராகிவிடும். நான் அவர் கையிலிருந்து ஷூவைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இழுத்துப் பிடிக்க அவரால் முடியவில்லை. தலை குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனார்.

சாம்பல் நிறக் கேன்வாஸ் ஷூ. குதிகால் பக்கம் இழுத்துப் போட வசதியாக, நீலத்துணியில் ஒரு வளையம் தைத்திருந்தது. துணியில் வெள்ளைத் தும்பிகள். அழகாக இருக்கிறதே என்று, முன்வரிசையில் நட்ட நடுவே, வாசலைப் பார்த்து வைத்தேன்.

இரண்டே முக்கால் மணிக்கு ஓர் ஆள் வந்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். குடை இல்லை. சேறு படிந்த வேலைச் சட்டை.

"தும்பி வெச்ச கவசம் இன்னியோட சரிதானே?"

"ஆமாங்க, நாலு மணி வரைக்கும். பேரு எழுதுங்க."

"வெளிய வர்றப்ப எழுதறேன்."

அவன் ஷூவைக் கழற்றி மேலே ஏறினான். நான் எழுவதற்குள், தன் ஷூவைத் தானே திருப்பி வைக்கக் குனிந்து மண்டியிட்டான். நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். அப்போது அவன் கை அப்படியே நின்றது.

இட்சுயே அம்மாவின் வலது ஷூ லேசாகச் சரிந்திருந்தது. அவன் அதை நிமிர்த்தி, இடது ஷூவோடு சேர்த்து, நுனியும் நுனியும் ஒன்றாக வரும்படி வைத்தான். நீல வளையத்தை இரண்டு விரலால் பிடித்தான். தலையைத் தூக்கி உள்ளே பார்க்கவில்லை. பிறகு அவசர அவசரமாகத் தன் ஷூவுக்குள் காலைத் திணித்தான்.

"ஏதாவது மறந்துட்டீங்களா?" என்றேன்.

"ஆமா" என்றான்.

மழைக்குள் இறங்கிப் போனான். குடை எடுத்துக்கொண்டு திரும்பி வருவான் என்று நினைத்து, குடை வைக்கும் தாங்கியில் இடம் பண்ணி வைத்தேன்.

நான்கு மணிக்கு எல்லாரும் போனார்கள். இட்சுயே அம்மா கடைசியாக வெளியே வந்தார். காலியான வரிசையில் அவர் ஷூ மட்டும் நடுவில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வலதும் இடதும் நுனி சேர்ந்து நேராக இருப்பதை அவர் கவனித்தாரா, தெரியாது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் கவசத்துக்குப் பெட்டி கொண்டுவந்த அகாவா சார் சொன்னார்: "அதெப்படிம்மா போவாங்க? நாற்பது வருஷம் கழிச்சு வந்த பொருளாச்சே. அப்படி யாரும் இல்ல." இரண்டே முக்கால் மணிக்கு அவர் உள்ளே வெளியூர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இட்சுயே அம்மா படியில் உட்கார்ந்தார். என்னிடம்தான் பேசினார், ஷூவைப் பார்த்தபடி.

"என் பையன், பொண்ணே. தோமோனோரி. ஒம்பது வயசுல இந்தக் கவசத்தைக் காட்டச் சொல்லி டோக்கியோக்கு நாலு கடுதாசி போட்டான். அட்டையில அவனே ஒண்ணு செஞ்சு மாட்டிக்கிட்டுத் தூங்குவான். வீட்ல எல்லார் ஷூவுலயும் தும்பி வேணும்னு அடம். அவன் கேட்டுத் தெச்சதுதான் இது."

கல்லூரி நுழைவுத் தேர்வில் மூன்று வருடம் தொடர்ந்து தோற்றானாம். மூன்றாவது தடவை அப்பா உளியை எடுத்துப்போய், வாசல் பெயர்ப்பலகையில் அவன் பெயரை மட்டும் செதுக்கி எடுத்தாராம். மறுநாள் காலை அவன் இல்லை. பெயர் எழுதுகிற தகுதி வந்த பிறகு முகம் காட்டுகிறேன் என்று ஒரு துண்டுக் காகிதம். ஆறு வருடம் ஆகிறது.

"அவங்கப்பா ஜனவரியில போயிட்டார். அவனுக்குத் தெரியாது. ஆத்தங்கரைய அகலப்படுத்துறதுக்கு வீட்டையும் மாசக் கடைசியில எடுத்துக்கறாங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அப்புறம் வந்தான்னா மண்ணுதான் இருக்கும்."

"ஏம்மா இதை முன்னாடியே சொல்லல? நாங்க பாத்துச் சொல்லியிருப்போமே."

"ஊருக்கெல்லாம் அவன் ஒசாகாவுல நல்ல வேலைல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். எந்த வாயால சொல்றது?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சா வாசலோட போயிடுவான். அதான் ஷூவை மறைச்சேன், பேரு எழுதல. கூப்பிடக்கூட நினைக்கல. அவன் கவசத்தைப் பாக்குறதை ஒரு தடவை பாத்துட்டா போதும்னுதான். போறப்ப தங்கச்சி விலாசத்தை உன்கிட்டக் குடுத்து அவன்கிட்டத் தரச் சொல்லலாம்னு இருந்தேன்."

நான் நின்றேன். அந்த வேலைச் சட்டைக்காரன் நீல வளையத்தைப் பிடித்தது ஞாபகம் வந்தது.

"வரலைன்னா பரவால்ல" என்றார். "வந்து, இந்த ஷூவைப் பாத்துட்டுப் போயிருந்தான்னா, அதை என்னால தாங்க முடியாது."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? குனிந்து வணங்கினேன். அவர் அதை விடைபெறுதல் என்று எடுத்துக்கொண்டார். மேசையில் சோற்று உருண்டை இருந்தது. அன்று என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை.

ஒன்பது நாள் தவித்தேன். சொன்னாலும் அவரைக் கொல்வேன், சொல்லாவிட்டாலும் கொல்வேன் என்றிருந்தது. பத்தாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். வீட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டை. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

பக்கத்து வீட்டு அம்மா முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விலாசம் கேட்டேன்.

"ஒசாகாவுல மகன்கிட்டப் போயிட்டா. பெரிய வேலையாம். அவனே கூப்பிட்டுக்கிட்டானாம். கொடுத்து வெச்சவ."

தங்கை பெயரோ ஊரோ யாருக்கும் தெரியவில்லை. நகர அலுவலகத்தில், உறவில்லாதவர்களுக்கு விலாசம் தரமாட்டோம் என்றார்கள். அகாவா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தானே சொன்னேன், யாரும் வரலன்னு" என்றார். பதிவேட்டில் அன்றைய தேதிக்குக் கீழே, பென்சிலால், இரண்டே முக்கால் மணி, ஒருவர் என்று எழுதினார்.

தன் மகன் வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டு எங்கோ ஓர் அம்மா இருக்கிறார். தன்னைப் பிடிக்கத்தான் அம்மா வாசலில் ஷூவை வைத்துக் காத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டு எங்கோ ஒரு மகன் இருக்கிறான். இரண்டுமே பொய். அந்த ஷூவை அங்கே வைத்தது நான்.

இதைப் படிக்கிற நீங்கள் யாரிடமாவது இதைச் சொல்லுங்கள். கட்டட வேலைக்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், தங்கும் விடுதிக்காரர்கள், யாரிடமும். குதிகாலில் தும்பி போட்ட நீலத்துணி தைத்த ஷூ என்று மட்டும் சொன்னால் போதும், அவன் புரிந்துகொள்வான். அவனைக் கண்டால், அப்பா இறந்துவிட்டார் என்றும், அம்மா ஒளிந்துதான் உட்கார்ந்திருந்தார் என்றும் சொல்லுங்கள். அவரைக் கண்டால், அவன் வந்தான் என்றும், சரிந்திருந்த ஷூவை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனான் என்றும் சொல்லுங்கள்.